ஏழை வீட்டுக்கு வெளிச்சம் போடுவது எப்படி

சினிமாவில் ஏழை வீடு என்றால் நாற்பது வாட் குண்டு பல்பு ஒன்று தொங்க வேண்டும். அது லேசாக ஆடவும் வேண்டும். சுவர் கறுத்திருக்க வேண்டும், மூலையில் புகை வர வேண்டும், அந்தப் புகைக்குள் ஓர் அம்மா இருமிக்கொண்டு உட்கார்ந்திருக்க வேண்டும். இந்தச் சட்டத்தை யார் போட்டார்கள் என்று எனக்கு இன்றுவரை தெரியாது. தெரிந்தால் நேரில் போய் நறுக்கென்று நாலு கேள்வி கேட்பேன். ஆனால் அதே நாலு கேள்வியை முதலில் என்னிடம் கேட்க வேண்டும். செங்கல்பட்டில், எங்கள் சொந்த வீட்டில், என் அம்மா வீட்டில் இருக்கும்போதே அந்தக் குண்டு பல்பைத் தொங்கவிட்டவள் நான்தான்.

அப்போது நான் படூர் பக்கம் ஒரு கல்லூரியில் விஷுவல் கம்யூனிகேஷன் கடைசி வருடம். ஹாஸ்டலில் இருந்தேன். எங்கள் வீட்டில் டிகிரி என்ற ஒன்றுக்குப் போன முதல் ஆள் நான். அம்மா செங்கல்பட்டில் ஓர் ஆஸ்பத்திரியில் ஆயா. அப்பா ஓ.எம்.ஆரில் ஒரு கம்பெனிக் கட்டடத்தில் ஹவுஸ்கீப்பிங். அவர்களைப் பெற்றவர்கள் அடுத்தவன் நிலத்தில் கூலிக்கு நின்றவர்கள். இவர்கள் மாதச் சம்பளம் வாங்குகிறவர்கள். ஏரிக்குப் பின்னால் காலனியில் இரண்டு அறை வீடு, ஃபிரிட்ஜ், டி.வி., ஒரு வண்டி. எங்களை ஏழை என்று யாராவது சொன்னால் அம்மா புடவையைத் தூக்கிச் செருகிக்கொண்டு சண்டைக்குப் போவாள்.

எங்களுக்கு லைட்டிங் எடுத்த சார் கெட்டிக்காரர். அதை நான் மறுக்க மாட்டேன். முதல் பாடத்துக்கே எங்களை விடியற்காலையில் பஸ்ஸில் ஏற்றி மாமல்லபுரம் கூட்டிப் போனார். கேமரா ஸ்டாண்டு வைக்கக் கூடாது என்று காவலர் தடுத்துவிட்டதால் எல்லாரும் கையில் பிடித்துக்கொண்டே எடுத்தோம். வெயில் பக்கவாட்டில் விழுந்ததும் பாறையில் செதுக்கிய யானைக்கு வயிறு வந்தது, காது மடிந்தது, கால் முன்னே வந்து நின்றது. மேகம் மூடியதும் எல்லாம் தட்டையாகிவிட்டது. "வெளிச்சம் பொருளைக் காட்டும். நிழல்தான் அதுக்கு உயிர் குடுக்கும்" என்றார் சார். எனக்குப் புல்லரித்துவிட்டது. அந்தக் காலை முழுக்க, கடலோரத்தில் பைத்தியம் பிடித்தவள்போல நிழல்களையே எடுத்துத் தள்ளினேன்.

பன்னிரண்டு மணி ஆனதும் கேமராக்களைப் பைக்குள் வைக்கச் சொன்னார். "உச்சி வெயிலுக்கு மூடே கிடையாது. போய்ச் சாப்பிடுங்க."

அதன்பிறகு வகுப்பறையில் விதிகள் வந்தன. சந்தோஷத்துக்கு நிறைய வெளிச்சம். பயத்துக்குக் கீழிருந்து வெளிச்சம். சோகத்துக்குக் கொஞ்சமான வெளிச்சம், ஏழ்மைக்கு அதைவிடக் கொஞ்சம். என் நோட்டில் சோகமும் ஏழ்மையும் ஒரே வரியில் அடுத்தடுத்து இருக்கின்றன. எழுதும்போது எனக்கு ஒன்றும் உறைக்கவில்லை. மண்டு.

கடைசி செமஸ்டரில் ஒரு குறும்படம் எடுத்துக் காட்ட வேண்டும். பாதி மதிப்பெண் அதற்குத்தான். அதில் தேறவில்லை என்றால் டிகிரி நின்றுபோகும். நான் ஒளிப்பதிவு. டைரக்‌ஷன் என் வகுப்பு நண்பன் ஒருவன். படூரில் பதினொன்றாவது மாடியில் இருக்கிற வீட்டுப் பிள்ளை. நல்ல மனசு, ஏராளமான யோசனை, ஏரிக்கு அந்தப் பக்கம் என்ன இருக்கிறது என்று தெரியாது. கதையும் அவனுடையதுதான். ஓர் ஏழை அம்மா. வெளியூரில் வேலை பார்க்கும் மகள் வருகிறாள் என்று மீன் குழம்பு வைத்துக் காத்திருக்கிறாள். வர முடியவில்லை என்று போன் வருகிறது. அம்மா தனியாகச் சாப்பிடுகிறாள். அவ்வளவுதான் படம்.

"ஒரு ஏழை வீடு வேணும் மச்சி" என்றான். கொஞ்சம் தயங்கி, "உன் வீடு..." என்று இழுத்தான்.

சுருக்கென்றது. பொய் சொல்ல மாட்டேன், நன்றாகவே குத்தியது. ஆனால் வேறு எங்கே வீடு தேடி அலைவது? "தாராளமா வா" என்றேன். அம்மாவுக்குப் போன் போட்டு, "நம்ம வீட்டுல படம் எடுக்கப் போறோம்மா, சனிக்கிழமை வரோம்" என்று மட்டும் சொன்னேன். என்ன படம், எதற்கு நம் வீடு என்று சொல்லவில்லை. சொல்ல வாய் வரவில்லை.

சனிக்கிழமை காலை நண்பர்களோடு போய் இறங்கினேன். எங்கள் வீடு ரோஸ் கலரில் நின்றது. உள்ளே நான்கு சுவரும் ரோஸ். நான் போன் போட்டதிலிருந்து ஆறு நாளும் டூட்டி முடித்து வந்து அம்மாவே டிஸ்டம்பர் அடித்திருக்கிறாள். கூடத்தில் இரண்டு புது டியூப்லைட். பட்டப்பகலில் இரண்டும் எரிந்தன. ஜன்னலுக்குப் புதுத் திரை, ஃபிரிட்ஜ் மேல் பிளாஸ்டிக் பூ, பக்கத்து வீடுகளிலிருந்து கடன் வாங்கி வரிசையாகப் போட்ட ஆறு நாற்காலிகள். அம்மா தலைக்குக் குளித்து, பவுடர் போட்டு, பட்டுப்புடவையில் வாசலில் நின்று, "வாங்க நைனா, வாங்க வாங்க, நாஸ்தா சாப்டுங்க மொதல்ல" என்றாள்.

என் நண்பன் என் காதருகே வந்தான். "மச்சி, என்ன இது? ஐஸ்கிரீம் கடை மாதிரி இருக்கு."

இப்போது நினைத்தால் எனக்கு என்மேலேயே பற்றிக்கொண்டு வருகிறது. அன்று நான் சிரித்தேன். "டல் பண்ணிடலாம்டா" என்றேன்.

டல் பண்ணினோம். ஒரு குண்டான் நிறைய டீ டிகாக்‌ஷன் காய்ச்சி, பஞ்சில் தொட்டு, ரோஸ் சுவரில் ஒழுகவிட்டோம். அடுப்புக்கரியைத் துணியில் கட்டிச் சுவரில் தட்டினோம். ஃபிரிட்ஜை நாலு பேர் தூக்கி எதிர் வீட்டில் வைத்தோம். டி.வி.யைப் பாயால் மூடினோம். ஜன்னலில் கறுப்புத் துணி கட்டி, பகலை ராத்திரியாக்கினோம். பிறகு நான் ஸ்டூல் மேல் ஏறிக் குண்டு பல்பைக் கட்டினேன், இறங்கி வந்து இரண்டு டியூப்லைட்டையும் அணைத்தேன்.

அடுப்படியிலிருந்து அம்மாவின் குரல் வந்தது. "கரண்டு பூட்ச்சா?"

"இல்லம்மா. நாந்தான் அணைச்சேன்."

"இன்னாத்துக்குடி அணச்ச? பில்லு கட்டிட்டேனே!"

யாரோ களுக்கென்று சிரித்தார்கள். நான் சாம்பிராணிப் புகையைக் கையால் விசிறிக்கொண்டிருந்தேன். அம்மா வேடத்துக்கு நாடகக் குழுவிலிருந்து ஒரு பெண்ணைக் கூட்டி வந்திருந்தோம். சிவந்த நிறம். முகத்திலும் கையிலும் இரண்டு மடங்கு கறுப்பாக மேக்கப் போட்டு, கிழிந்த புடவை கட்டி, பல்புக்குக் கீழே உட்கார வைத்தோம். அம்மா வாசற்படியில் நின்று ரொம்ப நேரம் அவளையே பார்த்தாள்.

"அது யாரு?"

"கதையில வர அம்மா."

"அவ ஏன் மூஞ்சி கழுவாம கீறா?"

நான் குனிந்து கேமராவுக்குள் கண்ணை வைத்துக்கொண்டேன். கேமராவுக்குள் எல்லாம் பிரமாதமாக இருந்தது. அதைத்தான் என்னால் இன்னும் மன்னிக்க முடியவில்லை.

சாயங்காலம் எல்லாரும் கிளம்பிப் போனபிறகு, அம்மா பட்டுப்புடவையை மாற்றிவிட்டு, பக்கெட்டில் தண்ணீர் எடுத்து வந்து சுவரைத் துடைத்தாள். டீ கறை போகவில்லை. டிஸ்டம்பர்தான் திட்டுத்திட்டாகக் கையோடு வந்தது. நான் துணியை வாங்கப் போனேன். தரவில்லை.

"நான் சின்னப் பொண்ணா இருக்கசொல்ல ஊருக்குள்ள லைட்டு எரிஞ்சுகினு இருக்கும். நம்ம தெரு இருட்டா கெடக்கும். கம்பம் ஊரோட நின்னுச்சு, இந்தாண்ட வர்ல. எங்க நைனா எத்தினி வாட்டி மனு எழுதிக்கினு ஆபீசு ஆபீசா அலஞ்சுது தெரியுமா? நீ ஒரு நிமிசத்துல அணச்சுட்ட."

கத்தியிருந்தால் நானும் திருப்பிக் கத்தியிருப்பேன். எங்கள் வீட்டில் அதுதான் வழக்கம். அவள் கத்தவில்லை. துடைத்துக்கொண்டே சொன்னாள்.

திங்கட்கிழமை சார் காட்சிகளைப் பார்த்தார். நாற்காலியின் நுனிக்கு வந்துவிட்டார். "எக்ஸலண்ட். என்ன மூட்! ஸ்டேட் லெவல் போட்டிக்கு அனுப்பலாம் இதை" என்றார். பிறகு திரும்பி என்னைக் கேட்டார்: "இப்படி ஒரு வீட்டை எங்கம்மா புடிச்ச?"

"தெரிஞ்சவங்க வீடு சார்" என்றேன்.

இருபத்தொரு வருடம் வளர்ந்த வீடு. தெரிந்தவர்கள் வீடாம். வாய் அதுபாட்டுக்குச் சொல்லிவிட்டது. செருப்பால் அடித்துக்கொள்ள வேண்டும்போல இருந்தது. வகுப்பிலிருந்து எழுந்து வெளியே வந்தேன், கேளம்பாக்கம் போய் முதலில் வந்த பஸ்ஸில் ஏறினேன். எங்கே போகிறோம் என்ற எண்ணமே இல்லை. கோவளத்தில் இறங்கி இன்னொரு பஸ் மாறி, மாமல்லபுரத்தைத் தாண்டி ஒரு மீனவக் குப்பத்தில் போய் நின்றேன். மணி பன்னிரண்டு இருக்கும். சாருடைய கணக்கில் மூடே இல்லாத நேரம்.

மணல் காலைச் சுட்டது. ஏற்றிவைத்த ஃபைபர் படகுகளுக்கு அடியில் ஒரு முழம் நிழல் கூட இல்லை. ஒரு படகின் பக்கத்தில், அம்மா வயதிருக்கும் ஒரு பெண், கையில் போனை வைத்துக்கொண்டு அழுதுகொண்டிருந்தாள். என்ன செய்தியோ. தேம்பித் தேம்பி அழுதாள். உச்சி வெயில் அவள்மேல் கொட்டிக்கொண்டிருந்தது. மூக்குத்தி பளபளத்தது, பின்னால் கடல் பளபளத்தது, உலர்த்தியிருந்த நெத்திலி பளபளத்தது. எதுவும் மங்கவில்லை. அவளுக்காக எதுவும் கொஞ்சம் குறைத்துக்கொள்ளவில்லை. ஒதுங்க ஒரு மறைப்புகூட இல்லாமல், அத்தனை வெளிச்சத்தில் அவள் அழுதாள். அவ்வளவு துக்கத்தை நான் எந்த நிழலிலும் பார்த்ததில்லை.

தோளில் கேமரா இருந்தது. எடுக்கவில்லை. அவளே நிமிர்ந்து பார்த்து, "இன்னாம்மா பாத்துகினு நிக்கிற? போ அந்தாண்ட" என்று விரட்டினாள். போனேன். பஸ்ஸில் திரும்பும்போது முடிவு செய்துவிட்டேன், படத்தைத் திரும்ப எடுக்க வேண்டும்.

நண்பன் தலையில் கைவைத்துக்கொண்டான். "சார் போட்டிக்கே அனுப்பறேங்கிறார். நீ என்ன லூசா?"

"ஆமா, லூசுதான். இன்னொரு வாட்டி எடுக்கறோம். அதே வீடு, அதே கதை. டியூப்லைட்ல."

"டியூப்லைட்ல எப்படி மச்சி சோகம் வரும்?"

"உங்க வீட்டுல யாரும் அழுததே இல்லியா? அப்ப மெயினை ஆஃப் பண்ணிட்டா அழுதீங்க?"

அவன் தலையைச் சொறிந்தான். பிறகு, இரண்டையும் எடுத்து வைப்போம், எது போக வேண்டும் என்று கடைசியில் பார்க்கலாம் என்றான். நாடகக் குழுப் பெண்ணுக்குப் பரீட்சை. "ஆன்ட்டியே நடிச்சா என்ன?" என்றான். அது அவனுக்கு வந்த யோசனைதான். அந்தப் பெருமையை அவனுக்குத் தர வேண்டும்.

அம்மா ஒரே ஒரு நிபந்தனை போட்டாள். "மூஞ்சில கரி பூசக் கூடாது."

சொல்வது சுலபம். முதல் இரண்டு மணி நேரம் நான் எடுத்ததெல்லாம் பாஸ்போர்ட் போட்டோ மாதிரி வந்தது. இரண்டு டியூப்லைட்டும் எரிந்தால் அம்மாவும் சுவரும் ஒன்றாக ஒட்டிக்கொண்டார்கள். முகம் கறுப்பு, சுவர் ரோஸ். கேமரா சுவரைத்தான் பார்த்தது. முகத்துக்காகக் கூட்டினால் சுவர் வெளுத்துப்போனது. சார் சொன்னதுதான் சரியோ என்று உள்ளே ஒரு குரல் கேட்டது. வாயை மூடு என்று அதை அடக்கினேன்.

பிறகு மெல்ல மெல்ல வந்தது. கேமராவுக்குப் பின்னால் இருந்த டியூப்லைட்டை மட்டும் அணைத்தேன். அம்மாவுக்குப் பக்கவாட்டில் இருந்தது எரிந்தது. அதன் மேல்பாதியில் செய்தித்தாளைச் சுற்றி, சுவருக்குப் போகிற வெளிச்சத்தைக் குறைத்தேன். தரையில், ஃபிரேமுக்கு வெளியே, வெள்ளைத் தெர்மாகோல் அட்டையைச் சாய்த்து வைத்தேன். அதில் பட்டுத் திரும்பிய வெளிச்சம் கீழிருந்து போய் அவள் கன்னத்தில் விழுந்தது. கறுத்த கன்னம் மின்னியது. கறுப்புத் தோலுக்கு வெளிச்சத்தைக் கொட்ட வேண்டியதில்லை, பக்கத்திலிருந்து தொட்டால் போதும் என்று எந்த வகுப்பிலும் எனக்கு யாரும் சொல்லித் தரவில்லை. ரோஸ் சுவர் தன் நிறத்தில் கொஞ்சத்தை அவள் காதோரத்தில் பூசியது. டீ கறை படிந்த இடத்துக்கு முன்னால் ஃபிரிட்ஜை நிறுத்தினோம். பாத்திரங்கள் எல்லாம் பளிச்சென்று தெரிந்தன. போன் வருவதற்கு முன்னாலும் பின்னாலும் வெளிச்சத்தைத் தொடவே கூடாது என்று நண்பனிடம் கண்டிப்பாகச் சொல்லிவிட்டேன்.

அம்மா போனை எடுத்தாள். காதில் வைத்தாள். "சரி. சரி சரி. ஒடம்ப பாத்துக்கோ" என்றாள். வைத்தாள். கதைப்படி அழ வேண்டும். அவள் அழவில்லை. சாப்பிட்டாள். மீன் குழம்பை மூடி ஃபிரிட்ஜில் வைத்தாள். பிறகு மகளுக்காக எடுத்து வைத்திருந்த தட்டை, யாரும் தொடாத அந்தச் சுத்தமான தட்டை, எடுத்துப்போய்க் கழுவினாள். இதை யாரும் அவளுக்குச் சொல்லித் தரவில்லை. கழுவின தட்டில் டியூப்லைட் வெள்ளையாக ஒரு கோடு போட்டது. என் மூக்குக்கண்ணாடியில் ஆவி படிந்து ஒன்றும் தெரியவில்லை. நண்பன் 'கட்' சொல்ல மறந்துவிட்டு மூக்கை உறிஞ்சிக்கொண்டு நின்றான்.

இரண்டையும் வெட்டிச் சேர்த்து சாரிடம் காட்டினோம். இருட்டுப் படத்தையே கொடுங்கள் என்றார். இரண்டாவது சுமார், வீட்டு வீடியோ மாதிரி இருக்கிறது என்றார். "இது ஏழை வீடு மாதிரியே இல்லையேம்மா."

"அது எங்க வீடு சார். அன்னிக்கு நான் பொய் சொன்னேன். நடிச்சது எங்கம்மா."

அவருக்கு முகம் ஒருமாதிரி ஆகிவிட்டது. ஆனால் முடிவை மாற்றிக்கொள்ளவில்லை. எந்தப் படத்தைக் கொடுத்தாலும், படம் எடுத்த வீட்டுக்காரரிடமிருந்து சம்மதக் கடிதம் வைக்க வேண்டும் என்பது கல்லூரி வழக்கம். நானும் நண்பனும் இரண்டு கடிதம் எழுதி அம்மாவிடம் கொண்டுபோனோம். எந்தப் படத்துக்கு அதிக மார்க் வரும் என்பதையும் மறைக்காமல் சொன்னேன். அம்மா இரண்டையும் எழுத்துக்கூட்டிப் படித்து, டியூப்லைட் படத்தின் கடிதத்தைக் கையில் எடுத்தாள்.

"இதுக்குப் போடறேன். அதுக்குப் போட மாட்டேன்."

"ஆன்ட்டி, மார்க்கு..." என்றான் நண்பன்.

"உனக்கு எது வேணுமோ நீ பாத்துக்க தம்பி. என் கையெழுத்து என்னுது."

நண்பன் என்னைப் பார்த்தான். நான் அவனைப் பார்த்தேன். அவனுடைய மதிப்பெண்ணும் அதில்தான் இருந்தது. "சரி விடு மச்சி, இதையே குடுப்போம்" என்றான். அன்றிலிருந்து இன்றுவரை அவனை யார் என்ன சொன்னாலும் நான் விடமாட்டேன்.

கல்லூரி அரங்கில் எல்லாப் படங்களையும் போட்டார்கள். வெளியிலிருந்து ஒரு தேர்வாளர் வந்திருந்தார். அம்மா டூட்டி மாற்றிக்கொண்டு வந்து கடைசி வரிசையில் உட்கார்ந்திருந்தாள். படம் முடிந்ததும் தேர்வாளர் மைக்கைப் பிடித்து, "ஒளிப்பதிவாளர் லைட்டிங் எதுவும் செய்ததாகத் தெரியவில்லை. சுவிட்சைப் போட்டுவிட்டு எடுத்த மாதிரி இருக்கிறது" என்றார்.

நான் எழுந்தேன். "பதினொரு மணி நேரம் லைட்டிங் பண்ணியிருக்கேன் சார். உங்களுக்குத் தெரியலன்னா நான் பாஸ்" என்றேன். கூட்டம் கைதட்டியது. அவர் சிரிக்கவில்லை. ரிசல்ட் வந்தபோது எனக்கும் நண்பனுக்கும் தேறுவதற்கு எவ்வளவு வேண்டுமோ அதைத்தான் போட்டார், அதற்குமேல் ஒன்றும் இல்லை.

அன்று திரும்பும்போது பஸ் நிறுத்தத்தில் அம்மா கேட்டாள், "கம்மியா போடுவானா அந்தாளு?"

"கம்மியாத்தான் போடுவான். அந்த இருட்டுப் படத்தைக் குடுத்திருந்தா நிறைய வந்திருக்கும். திரும்ப எடுக்கணும்னு நின்னது நான்தாம்மா. வருத்தமா இருக்கா?"

அம்மா பஸ் வருகிறதா என்று ரோட்டை எட்டிப் பார்த்தாள். "வார்டுல நான் போறதும் வர்றதும் ஒருத்தனுக்கும் தெரியாதுடி. பெருக்கிக்கினு இருப்பேன், என் மேலயே எச்சி துப்பிட்டு போவானுங்க, ஆள் இருக்குன்னே தெரியாது. இன்னிக்கி அத்தினி பேரும் என் மூஞ்சியவே பாத்துகினு இருந்தானுங்க. ஒருத்தன் அந்தாண்ட இந்தாண்ட திரும்பல. நானும் பாத்தேன். நான் நல்லாத்தான்டி கீறேன்."